கேள்வி பதில்: ஜெர்மானியர்களின் டைரிக்குள்ளே

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இருபதாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஜெர்மானியர்கள் எழுதிவைத்த டைரிகளும் கடிதங்களும் எந்த வரலாற்று நூலுக்கும் சளைத்தவை அல்ல என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஜெர்மனியில் மட்டும் என்ன, எல்லோருமே டைரி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

எல்லோரும் இல்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட நிறையப் பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அங்கே அநேகமாக எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் அன்றன்றைக்கு மனசாட்சியைக் கேட்டு எழுதிவைக்கிற பழக்கம் அதற்கும் முந்தியது. பள்ளித் தோழிகள் ஆளுக்கொரு செய்யுள் எழுதிப் பூப்படம் ஒட்டிக் கொடுக்கிற ஆல்பம் ஒன்று பெண்பிள்ளைகளிடம் இருக்கும், நம் ஊர் ஆட்டோகிராஃப் நோட்டுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1914 வந்தது. பெரிய காலம் நடக்கிறது, எழுதிவை என்று வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஷ்னைடெமுல் என்ற ஊரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) பாட்டி வீட்டில் வளர்ந்த பியெட்டெ கூர் என்ற பன்னிரண்டு வயதுப் பெண், அம்மா சொன்னாள் என்பதற்காக அந்த ஆகஸ்டில் எழுத ஆரம்பித்தாள். போர் முடியும்வரை நிறுத்தவில்லை. பாட்டி ரயில் நிலையத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக வேலை பார்த்ததால், பாட்டுப் பாடிக்கொண்டு போர்முனைக்குப் போகிற ரயிலையும் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிற ரயிலையும் அந்தக் குழந்தை ஒரே நடைமேடையிலிருந்து பார்த்தது. பின்னாளில் யோ மிஹாலி என்ற பெயரில் நடனக் கலைஞராக அறியப்பட்டவர் இவர்தான். டைரி அச்சானது 1982-ல்.

பெரியவர்களைப் பேனா பிடிக்கவைத்தது ராணுவத் தபால். போர்முனைக்குப் போகும் சாதாரணக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் கிடையாது. முதல் உலகப் போரில் மட்டும் அந்தத் தபால் சுமந்தவை சுமார் 2,870 கோடி உருப்படிகள். இரண்டாம் போரில் 3,000 முதல் 4,000 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். தச்சர், பால்காரர், பள்ளிக்கூடத்தோடு பேனாவை மூட்டைகட்டி வைத்தவர் எல்லோரும் எழுதியாக வேண்டிய நிலைமை. படித்துப் பார்த்தால் முக்கால்வாசி காலுறை, கேக், குழந்தைக்கு ஜுரம் குறைந்ததா என்பதுதான். நடுநடுவே திடீரென்று ஒரு வரி வரும், தூக்கிவாரிப்போடும்.

கேமராவும் மலிவானது. ஜெர்மன் காசுகளில் எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட ஓர் எழுத்து பொறித்திருப்பார்கள். 1932-ல் ஆக்பா கம்பெனி ஒரு வேலை செய்தது: ஏ, ஜி, எஃப், ஏ என்று எழுத்துப் பொறித்த நான்கு ஒரு மார்க் காசுகளைத் தேடிக் கொண்டுவந்தால் ஒரு பெட்டிக் கேமரா. நாலு மார்க்குக்குக் கேமரா என்றால் யார் விடுவார்கள்? அடுத்த சில வருடங்களில் ராணுவ உடுப்புப் போட்ட பையன்கள் பலர் கையில் கேமராவோடுதான் போர்முனைக்குப் போனார்கள். அது எதில் போய் முடிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டி நிறையப் பணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ரொட்டி வாங்கினார்களாமே, அதையெல்லாம் யாராவது எழுதிவைத்தார்களா?
— வங்கி ஊழியர், மதுரை

வீட்டு வரவு செலவு நோட்டுகளே சாட்சி. பெர்லினில் 1923 ஜனவரியில் 250 மார்க் விற்ற ரொட்டி நவம்பரில் 20,100 கோடி மார்க். ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க். அத்தனை பூஜ்யத்தை எந்தக் கணக்கு நோட்டின் கட்டத்தில் எழுதுவது? ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு ஒரு தபால் தலைக்குக் காணாமல் போனதை நடுத்தரக் குடும்பங்கள் கடைசிவரை மறக்கவில்லை. அடுத்த பதிலில் அது திரும்ப வரும்.

ஹிட்லர் பின்னால் போனவர்கள், ஏன் போனோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்களா? நமக்குக் கிடைப்பதெல்லாம் பிற்காலத்து ‘நான் அவனில்லை’ வகைதானே?
— அரசியல் அறிவியல் மாணவர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி. எழுதியிருக்கிறார்கள், அதுவும் சூட்டோடு சூடாக. 1934-ல் தியடோர் ஏபல் என்ற கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜெர்மனியில் ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தார். ஹிட்லரின் இயக்கத்தில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் தன் வாழ்க்கைக் கதையை எழுதி அனுப்பலாம். பரிசு மொத்தம் 400 மார்க். கட்சியே அனுமதி கொடுத்து விளம்பரமும் செய்தது, நம் பெருமையை அமெரிக்காக்காரன் தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்திருப்பார்கள்! வந்தவை 683. குமாஸ்தா, விவசாயி, வேலையில்லாத தொழிலாளி, சின்னக் கடைக்காரர் எனப் பல தரப்பு. பெரும்பகுதி இன்றும் அமெரிக்காவில் ஹூவர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது.

அதில் பலருக்கும் கதை 1918 தோல்வியில்தான் தொடங்குகிறது. போர்முனையிலிருந்து திரும்பி வந்தேன், ஊர் தலைகீழாக இருந்தது. அப்புறம் பணவீக்கம், அப்பாவின் கடை மூடல், வேலை போச்சு. ஒரு நாள் நண்பன் ஒருவன் கூட்டத்துக்கு இழுத்துப் போனான், அங்கே முதலாளி மகனும் கூலிக்காரனும் தோளோடு தோள் நின்றார்கள். இந்த ஓட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. யூத வெறுப்பு எவ்வளவு இருந்தது என்பதில்தான் சிக்கல். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில் அதன் சுவடே இல்லை என்று ஏபல் கணக்கிட்டார். 1970-களில் பீட்டர் மெர்கல் என்ற அரசியல் அறிஞர் மிச்சமிருந்த 581 கட்டுரைகளை மறுபடி உட்கார்ந்து படித்தார். அவர் கண்ணுக்கு வெறுப்பு அதைவிட நிறையவே பட்டது. அதே காகிதம், அதே கையெழுத்து. முன்னவர் நேரடியாகத் திட்டியிருக்கிறானா என்று தேடியிருக்கிறார், பின்னவர் போகிறபோக்கில் விழுந்த சொல்லையும் எண்ணியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொன்று, பெண்கள் எழுதி அனுப்பியவற்றை ஏபல் தன் ஆய்வில் ஒதுக்கிவிட்டார். எனக்கு அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

இதற்கு ஜோடியாக இன்னொரு போட்டியும் உண்டு. 1939-ல் ஹார்வர்டு பேராசிரியர்கள் மூவர், நாட்டைவிட்டு ஓடிவந்தவர்களிடம் ‘1933 ஜனவரி 30-க்கு முன்னும் பின்னும் ஜெர்மனியில் என் வாழ்க்கை’ என்று எழுதச் சொன்னார்கள் (ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள் அது). பரிசு ஆயிரம் டாலர். இருநூற்றைம்பதுக்கும் மேல் வந்தன. பெரும்பாலும் யூதர்கள்: டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள். கையில் காசில்லாமல், பாஷை தெரியாத ஊரில் உட்கார்ந்து எழுதியவை. இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே 1933. ஒருவருக்கு விடியல், அடுத்த வீட்டுக்காரருக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவராக நின்றுபோன கதை.

‘யூதர்களைக் கொன்றது எங்களுக்குத் தெரியாது’ என்று போருக்குப் பின் ஜெர்மானியர்கள் சொன்னார்கள். டைரிகள் என்ன சொல்கின்றன?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தென்காசி

ஐயா, இந்தக் கேள்விக்காகவே ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீட்ரிஷ் கெல்னர், 1885-ல் பிறந்தவர். நீதிமன்ற அலுவலர், நீதிபதி கூட இல்லை, அலுவலகத்தை நடத்துகிற மனிதர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரராக மைன்ஸ் நகரில் நாஜிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர். 1933-ல் ஹெஸ்ஸே பகுதியில் இருக்கிற லௌபாக் என்ற சின்ன ஊர்க் கோர்ட்டுக்கு மாறிப் போய்விட்டார். போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் டைரியை ஆரம்பித்து 1945 வரை எழுதினார். பத்து நோட்டுகள், கிட்டத்தட்ட 900 பக்கம்.

அவருக்கு ரகசியத் தகவல் தருகிற ஆள் யாரும் கிடையாது. பேப்பர் படித்தார், கத்தரித்தார், பசை போட்டு ஒட்டினார். நூற்றுக்கணக்கான துண்டுகள். தளபதியின் வெற்றி அறிக்கையை ஒட்டுவார், பக்கத்திலேயே அதே மாதம் அதே பேப்பரில் வந்த ‘வீரமரணம்’ விளம்பரங்களை ஒட்டுவார். இவ்வளவு ஜெயித்தால் இவ்வளவு பேர் ஏன் சாகிறார்கள் என்று கீழே எழுதுவார். ஒரு குமாஸ்தாவின் கணக்கு அவ்வளவுதான், அரசாங்கத்தின் பொய் அதிலேயே வெளுத்துவிட்டது.

1941-ல் மனநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கொலைக்கூடங்களாகிவிட்டன என்று எழுதுகிறார். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று எழுதிய குறிப்புதான் இப்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது. விடுமுறையில் வந்த ஒரு சிப்பாய், போலந்தில் தான் நேரில் பார்த்ததைச் சொல்கிறான்: ஆண்களையும் பெண்களையும் நிர்வாணமாக்கி, நீளமான ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, பின்மண்டையில் சுட்டார்கள், பள்ளத்தை மூடும்போது உள்ளே அலறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிப்பாய் சொன்னது ஒரு சின்ன ஊர் வரை வந்து ஒரு கோர்ட் அலுவலர் காதில் விழுந்திருக்கிறது என்றால், அதே சிப்பாய் வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று நம்பச் சொல்கிறீர்களா? 1942 செப்டம்பரில் லௌபாக் ஊரின் யூதக் குடும்பங்களை ஏற்றிப் போனார்கள். அவர்களைப் போலந்துக்குக் கொண்டுபோய்க் கொல்லப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதை அந்த வாரமே குறித்துவைத்தார்.

அவரை அதிகாரிகள் கூப்பிட்டு மிரட்டவும் செய்தார்கள், முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்று. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. போருக்குப் பிறகு நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1960-களில் அமெரிக்காவிலிருந்து தேடி வந்த பேரனிடம் ஒப்படைத்தார். பேரன் ஆங்கிலப் பேராசிரியர். பதிப்பகம் பதிப்பகமாக அலைந்து 2011-ல்தான் ஜெர்மன் மொழியில் முழுசாக வெளிக்கொண்டுவர முடிந்தது.

ஆனால் ஒன்று. கெல்னர் மாதிரி ஆட்கள் கொஞ்சம்தான். மற்ற டைரிகளைப் படிக்கும்போது எழுதாமல் விட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். 1938 நவம்பரில் நாடு முழுக்க யூத ஆலயங்கள் எரிந்த வாரத்தில், காப்பித் தூள் விலை, தங்கை நிச்சயதார்த்தம், பனி சீக்கிரம் விழுந்தது என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால், அவருக்குத் தெரியாது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். புகை வாசனை டைரி வரைக்கும் வர அவர் விடவில்லை. தெரியுமா தெரியாதா என்பதைவிட, தெரிந்துகொள்ள விரும்பினாரா என்று கேட்டால் டைரி பதில் சொல்லிவிடும்.

மாட்டினால் தலை போகும் என்று தெரிந்தும் எப்படி எழுதினார்கள்? எங்கே ஒளித்துவைத்தார்கள்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஆட்சியைத் திட்டினால் சிறை என்று 1934 கடைசியிலேயே சட்டம் வந்துவிட்டது. 1939-லிருந்து வெளிநாட்டு வானொலி கேட்பதும் குற்றம். வீட்டுச் சோதனையில் டைரி சிக்கினால், அதில் பெயர் வந்த எல்லோரும் சிக்குவார்கள். அதனால் சிலர் பெயர்களை மாற்றினார்கள், சிலர் சுருக்கெழுத்துக்குப் போனார்கள். எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னர் தன் போர்க்காலக் குறிப்புகளை கேபல்ஸ்பெர்கர் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். அது தெரிந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

ஒளித்துவைத்த கதை என்றால் விக்டர் கிளெம்பெரர்தான். டிரெஸ்டனில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராக இருந்து, யூதராகப் பிறந்தவர் என்பதற்காக வேலையிலிருந்து துரத்தப்பட்டவர், அதனால் சாதாரண ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள்; வீட்டைப் பறித்து, தொழிற்சாலையில் பெட்டி மடிக்கவைத்த பிறகு அவர் எல்லோரையும்விடச் சாதாரணர். மனைவி எவா யூதர் அல்ல என்பதால்தான் அவர் உயிர் பிழைத்திருந்தார். எழுதி முடித்த தாள்களை எவாதான் எடுத்துக்கொண்டு பிர்னா ஊரில் இருந்த ஒரு டாக்டர் தோழியிடம் கொடுத்துவிட்டு வருவார். வழியில் ஒரே ஒரு சோதனை போதும், மூன்று பேர் காலி.

என்ன எழுதினார்? பெரிய பெரிய அரசியல் இல்லை. 1942 ஜூனில் ஒரு பட்டியல் போடுகிறார்: இரவு வெளியே போகத் தடை, வானொலி தடை, தொலைபேசி தடை, சினிமா தடை, பூ வாங்கத் தடை, தட்டச்சு இயந்திரம் தடை என்று முப்பதுக்கும் மேல் போகிறது. அதற்குச் சில வாரம் முன்னால் யூத வீடுகளில் செல்லப்பிராணி வளர்க்கத் தடை வந்தது. அவர்களிடம் முஷெல் என்ற ஆண் பூனை இருந்தது. வேறு வீட்டில் கொடுக்கவும் அனுமதி இல்லை. அதிகாரிகள் பிடித்துப் போவதற்கு முன்னால் எவாவே அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டு வருகிறார். கைக்கு வந்த இறைச்சியை, அதுவும் அந்தப் பஞ்ச காலத்தில், கடைசியாக அதற்குப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அன்றைக்கு மேலே போகவில்லை. ஆயிரம் கொசுக்கடி தலையில் விழுகிற ஓர் அடியைவிடக் கொடுமை என்ற பொருளில் அவரே ஓரிடத்தில் சொல்லி, அந்தக் கொசுக்கடிகளைத்தான் நான் குறித்துவைக்கிறேன் என்கிறார்.

1945 பிப்ரவரி 13 அன்று டிரெஸ்டன் மீது குண்டுமழை. நகரம் எரிந்த அந்தக் குழப்பத்தில் யூதர் என்று காட்ட உடுப்பில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தப்பினார்கள். டைரி அச்சானது 1995-ல்.

போர் முடிந்தபோது பெண்கள் பட்ட பாட்டை யாராவது எழுதினார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

எழுதினார்கள் அம்மா. பெர்லினில் ஒரு பத்திரிகையாளர் 1945 ஏப்ரல் 20 முதல் ஜூன் 22 வரை, நகரம் சோவியத் படையிடம் விழுந்த நாட்களை, அடித்தளத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினார். பாலியல் வன்முறையைப் பற்றி அழாமல், மறைக்காமல், சில இடங்களில் கசப்பான நகைச்சுவையோடு. கண்டவனெல்லாம் வருவதைத் தடுக்க ஓர் அதிகாரியைத் தானே தேர்ந்து பிடித்துக்கொண்டதையும் சொல்கிறார். ஆங்கிலத்தில் 1954-ல் வந்தது. ஜெர்மனில் 1959-ல் வந்தபோது ஜெர்மன் பெண்களின் மானத்தை வாங்கிவிட்டார் என்று அவர்மேலேயே பாய்ந்தார்கள். வெறுத்துப்போய், தான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பு வேண்டாம் என்றுவிட்டார். 2003-ல் மறுபடி வந்தபோது அதே புத்தகம் விற்றுத் தீர்ந்தது. பெயர் போடாமல்தான் வரவேண்டும் என்பது அவர் விருப்பம். பிறகு பத்திரிகைகள் பெயரைத் தோண்டி எடுத்தன. நான் இங்கே எழுதப்போவதில்லை.

தோற்ற பிறகு டைரிகளை எரித்துவிட்டிருப்பார்களே?
— அச்சகத் தொழிலாளி, சிவகாசி

நிறைய எரிந்தது. ஆல்பங்களில் கொடியை மையால் மறைத்தார்கள், உடுப்புப் போட்ட அண்ணனைக் கத்தரித்து எடுத்தார்கள். ஆனால் பழையதை எரித்த கையோடு புதிதாக ஒன்றை எழுதவேண்டி வந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியில் 131 கேள்விகள் உள்ள படிவம்: எந்தக் கட்சி, எந்தச் சங்கம், எந்தப் பதவி, எத்தனை சம்பளம், 1932-ல் யாருக்கு ஓட்டு என்பது வரை. வேலை வேண்டுமானால் நிரப்பியாக வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நிரப்பினார்கள். பாதிரியாரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ‘இவர் நல்லவர்’ என்று சான்றிதழ் வாங்கி இணைத்தார்கள். உலகத்திலேயே பெரிய கூட்டுச் சுயசரிதை இதுவாகத்தான் இருக்கும், கற்பனை வளமும் அதில் அதிகம்.

போலி டைரிகளும் உண்டாமே, எதை நம்புவது?
— வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. பிரபலமானது 1983 கூத்து. ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை ஹிட்லர் டைரி என்று சுமார் அறுபது நோட்டுகளை 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. எழுதியவர் கோன்ராட் கூயாவ் என்ற மோசடிக்காரர். அட்டையில் ஹிட்லரின் முதலெழுத்து ஒட்டும்போது ‘ஏ’வுக்குப் பதில் அதே மாதிரி சுழித்த ‘எஃப்’ ஒட்டியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை! கூட்டாட்சி ஆவணக் காப்பகம் தாளைச் சோதித்தபோது போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்த வெளுப்புப் பொருள் அதில் இருந்தது. கதை முடிந்தது.

இன்னும் நுட்பமானது 1950-ல் வந்த ஸ்டாலின்கிராட் ‘கடைசிக் கடிதங்கள்’. உலகம் முழுக்க அழவைத்தது. அதில் பெரும்பாலானவை கட்டியெழுதியவை என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரணம் எளிது, எல்லாக் கடிதமும் ரொம்ப அழகாக இருக்கிறது. பசியில் கிடக்கும் இருபது வயதுப் பையன் அப்படித் தத்துவம் பேசமாட்டான், ரொட்டியைப் பற்றித்தான் எழுதுவான்.

ஒரிஜினலாக இருந்தாலும் தப்பாகப் படிக்க முடியும். படையினர் எடுத்த படங்களைச் சொன்னேன் அல்லவா? 1995-ல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் அவற்றை வைத்து, ராணுவமும் கொலையில் பங்கேற்றது என்று காட்டும் கண்காட்சி நடத்தியது. ஊர் ஊராகக் கூட்டம், ஊர் ஊராகக் கண்டன ஊர்வலம். சில படங்களில் இருந்த சடலங்கள் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களுடையவை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியதால் 1999-ல் நிறுத்தி, சரிபார்த்து, 2001-ல் புதிதாக அமைத்துத் திறந்தார்கள். அடிப்படை வாதம் மட்டும் அசையவில்லை.

இதையெல்லாம் யார் தேடிச் சேர்த்தது? அரசாங்கமா?
— நூலகர், தஞ்சாவூர்

அரசாங்கம் தளபதிகளின் காகிதத்தைச் சேர்த்தது. மற்றதைச் சேர்க்க வால்டர் கெம்போவ்ஸ்கி என்ற எழுத்தாளர் வந்தார். ராஸ்டாக் நகரத்துக்காரர். 1948-ல் சோவியத் அதிகாரிகள் பிடித்து பௌட்சென் சிறையில் எட்டு வருடம் வைத்தார்கள். அங்கே ஒரு குளிர்கால இரவில் சிறை முற்றத்தில் நடத்திக் கூட்டிப்போகும்போது விசித்திரமான ரீங்காரம் கேட்டதாம். என்ன அது என்றால், உன் கூட்டாளிகள்தான், அறைக்குள் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாராம் காவலர். 1980-ல் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்: உங்கள் வீட்டில் கிடக்கும் டைரி, கடிதம், படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். மூட்டை மூட்டையாக வந்தது. ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள், லட்சக்கணக்கான படங்கள். அவற்றிலிருந்து போரின் சில மாதங்களை மட்டும் நாள்வாரியாக அடுக்கிப் பத்துத் தொகுதி போட்டார், 1993-லிருந்து 2005 வரை. ஒரே தேதியில் மந்திரியும் நர்ஸும் சிப்பாயும் முகாம் கைதியும் பேசுவார்கள். கெம்போவ்ஸ்கி நடுவில் வாயைத் திறப்பதே இல்லை. அந்தச் சேகரிப்பு இப்போது பெர்லின் கலை அகாதெமியில்.

1998-ல் ஃபிரௌகே ஃபோன் ட்ரோஷ்கே என்ற அம்மையார் எம்மெண்டிங்கன் என்ற சிறு நகரில் ஜெர்மன் டைரிக் காப்பகத்தைத் தொடங்கினார். இத்தாலியில் பியெவே சாண்டோ ஸ்டெஃபானோ ஊரில் அப்படி ஒன்று இருப்பதைப் பார்த்து வந்த யோசனை. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை 20,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள். யார் கொண்டுவந்தாலும் வாங்குவார்கள், நடை நன்றாக இல்லை, பிழை இருக்கிறது என்று திருப்புவதில்லை. வாசிப்புக் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. ஒவ்வொன்றையும் படித்து, எந்த ஊர், எந்தக் காலம், எதைப் பற்றி என்று குறிப்பெழுதி வைப்பார்கள்.

தாத்தா கையெழுத்தை ஜெர்மன் பேரன்களால் படிக்க முடியாதாமே?
— வாசகர், சேலம்

உண்மைதான். பழைய குரெண்ட் எழுத்தும், 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் கற்றுக்கொடுத்த சுட்டெர்லின் எழுத்தும் இன்றைய எழுத்துபோல் இருக்காது. வேடிக்கை என்னவென்றால் 1941-ல் அதைப் பள்ளியிலிருந்து எடுத்தது நாஜி அரசே. இப்போது ஹாம்பர்க்கில் வயதானவர்கள் சிலர் குழுவாக உட்கார்ந்து, வீட்டுப் பரணில் கிடைத்தது என்று சின்னவர்கள் அனுப்பும் கடிதங்களை இன்றைய எழுத்தில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் எப்படி? அங்கே ரகசியப் போலீஸ்தானே எல்லோருக்கும் டைரி எழுதியது?
— ஐ.டி. ஊழியர், சென்னை

நக்கலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாஸி என்ற அந்த ரகசியப் போலீஸ் விட்டுப்போன கோப்புகளை வரிசையாக வைத்தால் 111 கிலோமீட்டர். கடைசி நாட்களில் அவசரமாகக் கிழித்துப்போட்டவை தனியாகச் சுமார் 16,000 மூட்டை. 1992 ஜனவரியிலிருந்து அவரவர் கோப்பை அவரவர் படிக்கலாம். எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, யார் வந்தார், என்ன பை வைத்திருந்தார் என்று, சொந்தக்காரரே மறந்த செவ்வாய்க்கிழமையெல்லாம் அதில் இருக்கிறது. எழுதிக்கொடுத்தது சக ஊழியர் என்று தெரியவரும்போதுதான் வயிறு கலங்கும்.

இன்னொன்று வெளியே அதிகம் தெரியாது: குழு டைரி. 1950-களின் கடைசியிலிருந்து தொழிற்சாலைக் குழுக்கள் சேர்ந்து ஒரு நோட்டு எழுத வேண்டும், உற்பத்தி இலக்கு, மகளிர் தினம், யார் வீட்டில் குழந்தை, ஞாயிறு சுற்றுலா எல்லாம். பரிசுக்காகவும் போனஸுக்காகவும் எழுதியதுதான் நிறைய. ஆனாலும் அங்கே உதிரிபாகம் வராமல் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தோம் என்று யாராவது ஒருவர் உண்மையைப் போட்டுவிடுவார். சேர்ந்து எடுத்த படங்களில் சிரிப்பும் போலியாகத் தெரிவதில்லை. கிழக்கில் வளர்ந்தவர்கள் அந்த நோட்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எவனோ ஜெர்மன்காரன் டைரி நமக்கு எதுக்கு சார்?
— பெயர் போடாத கார்டு

வேண்டாம் என்றால் விடுங்கள். 38-ஆம் பக்கத்தில் குறுக்கெழுத்து இருக்கிறது.

என் மகள் ஃப்ரைபுர்கில் படிக்கிறாள். அந்த டைரிக் காப்பகத்துக்குப் போனால் உள்ளே விடுவார்களா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

தாராளமாகப் போகலாம் அம்மா. ஃப்ரைபுர்கிலிருந்து எம்மெண்டிங்கன் வடக்கே ரயிலில் கொஞ்ச நேரம்தான். காப்பகம் இருப்பது பழைய நகர மன்றக் கட்டடத்தில், சந்தை மைதானத்தை ஒட்டி. 2014 முதல் உள்ளேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு, சும்மா பார்க்க அது போதும். கையெழுத்துப் பிரதிகளை எடுத்துப் படிக்க வேண்டும் என்றால் என்ன தலைப்பு, எந்தக் காலம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். திறந்திருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். கவிஞர் கதேயின் தங்கை கொர்னேலியா இறந்ததும் அந்த ஊரில்தான், 1777-ல். கல்லறை அங்கேயே இருக்கிறது. நேரம் மிச்சமிருந்தால் அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.